நீலி அழுதது பொய்யா?

நீலகேசிக்கு நான் ஒதுக்குவது இரண்டு வகுப்புகள்தாம். நூல், சமயம், உரையாசிரியர், பதிப்பு, எத்தனை சருக்கம் என்று சொல்லி, தேர்வில் வரக்கூடிய வினாக்களைக் குறித்துக்கொடுத்துவிட்டு அடுத்த நூலுக்குப் போய்விடுவேன். பல ஆண்டுகளாக இப்படித்தான். சென்ற ஆண்டு இரண்டாவது வகுப்பு முடிகிற நேரத்தில் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள்.

"அம்மா, நீலிக்கண்ணீர்னு சொல்றாங்களே, அது இந்த நீலிதானா?"

ஆமாம் என்றேன்.

"அவ அழுதது பொய்யாம்மா?"

பதில் சொல்லத் தொடங்கி நிறுத்திவிட்டேன். முனைவர் பட்டம் வாங்கியவள், இருபது ஆண்டுகளாகப் பாடம் நடத்துகிறவள், என் அம்மா என்னை அதட்டிய நாளிலிருந்து அந்தச் சொல்லைக் கேட்டு வளர்ந்தவள். ஒருமுறைகூட இந்தக் கேள்வியை நான் கேட்டுக்கொண்டதில்லை.

வகுப்பு முடிந்து வராந்தாவில் அவள் காரணத்தைச் சொன்னாள். அவளுடைய அக்கா, கையில் கட்டோடு, இடுப்பில் பையனோடு, கணவன்மேல் புகார் கொடுக்கப் போயிருக்கிறாள். பேசும்போது அழுகை வந்துவிட்டது. எதிரே உட்கார்ந்திருந்த பெண் அதிகாரி, "இந்த நீலிக்கண்ணீர்லாம் வேணாம், நடந்தத மட்டும் சொல்லு" என்றிருக்கிறார். பிறகு இடுப்பில் இருந்த மூன்று வயதுப் பையனைப் பார்த்து, "உங்கப்பா அம்மாவ அடிச்சாராடா?" என்று கேட்டாராம். ஊர் பெயரும் நிலையத்தின் பெயரும் இங்கே வேண்டாம். எந்த ஊரிலும் இது நடந்திருக்கும்.

அன்று இரவு பழையனூர் நீலியின் கதையை மறுபடியும் எடுத்துப் படித்தேன். அதற்குப் பல வடிவங்கள் உண்டு. பரவலாக வழங்குவது இது: காஞ்சியைச் சேர்ந்த பார்ப்பனன் ஒருவன், ஊரில் மனைவி இருக்க, காசிக்குப் போன இடத்தில் இன்னொரு பெண்ணை மணக்கிறான். அவள் பெயர் நவஞானி. அழைத்து வருகிற வழியில், முதல் மனைவியிடம் என்ன சொல்வது என்ற பயம் வந்துவிடுகிறது. திருவாலங்காட்டுக் காட்டில் நவஞானியைக் கொன்றுவிட்டு ஊர்போய்ச் சேர்கிறான். யாரும் கேட்கவில்லை. அடுத்த பிறவியில் அவன் வணிகன், அவள் நீலி. அதே காட்டுவழியில் அவன் வருகிறான். அவள் கள்ளிக்கொம்பை ஒடித்துக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "என் கணவரே" என்று பின்தொடர்கிறாள். அவன் பழையனூர் வேளாளர் எழுபது பேர் கூடிய அவையில் போய் விழுகிறான். அவளும் அங்கே வந்து அழுகிறாள், கட்டியவன் கைவிட்டுப் போகிறான் என்று. குழந்தை அவனை அப்பா என்று அழைத்து மடியில் ஏறுகிறது. அவை அவளை நம்புகிறது. அவன் கையிலிருந்த வாளை வாங்கி வைத்துக்கொண்டு, உன் உயிருக்கு எங்கள் உயிர் பிணை என்று வாக்குக் கொடுத்து, இருவரையும் ஒரே இடத்தில் தங்கவைக்கிறது. விடிந்தபோது அவன் வயிறு கிழிந்து கிடக்கிறான். எழுபது பேரும் சொன்ன சொல்லைக் காப்பாற்றத் தீயில் இறங்குகிறார்கள்.

கதை வேளாளரின் வாய்மையைப் புகழ்வதற்காகச் சொல்லப்படுகிறது. 7ஆம் நூற்றாண்டிலேயே சம்பந்தர் தம் திருவாலங்காட்டுப் பதிகத்தில், ஒருத்தி வஞ்சித்து உயிர்கொண்ட கதையைக் கேட்டு அஞ்சுகிற ஊர் என்று பழையனூரைக் குறிப்பிடுகிறார். அப்போதே அது அவளுடைய வஞ்சமாகிவிட்டது. அவளைக் கொன்றவனின் வஞ்சம் அதற்கு முந்தைய பிறவியில், யாருக்கும் நினைவில்லாத இடத்தில் கிடக்கிறது.

கதையை வழக்காக எடுத்துக்கொண்டு படித்துப் பாருங்கள். நீலி அவையில் என்ன சொன்னாள்? இவன் என் கணவன் என்றாள். அது உண்மை. என்னைக் காட்டில் கைவிட்டான் என்றாள். அதுவும் உண்மை, உண்மையைவிடக் குறைவு. அவன் செய்தது கொலை. அவளுடைய புகாரில் பொய்யானது குழந்தை ஒன்றுதான். அந்தப் பொய் ஏன் தேவைப்பட்டது? வெறும் கையோடு வந்து இவன் என் கணவன் என்று சொன்னால் அவை நம்பியிருக்குமா என்று தெரியாததால். அவளை மனைவி என்று நிரூபித்தது அவள் சொல் அன்று, கண்ணீரும் அன்று. அப்பா என்று அழைத்த கள்ளிக்கொம்புதான். என் மாணவியின் அக்காவிடம் கேட்காமல் மூன்று வயதுப் பையனிடம் கேட்ட அந்த அதிகாரியை நினைத்துக்கொண்டேன்.

பொய்க்கண்ணீருக்கு ஆங்கிலத்தில் முதலையைச் சொல்கிறார்கள். அங்கிருந்துதான் நாமும் முதலைக்கண்ணீர் என்று எடுத்துக்கொண்டோம். நம்மிடம் ஏற்கெனவே இருந்த சொல் ஒரு பெண்ணின் பெயரில் இருந்தது. கொலையுண்ட பெண் ஒருத்தியின் பெயரில்.

கிரேக்கர்களின் மெடியாவை நான் முதலில் படித்தது ஆய்வு மாணவியாக இருந்தபோது, ஒப்பிலக்கியத் தாளுக்காக. யூரிப்பிடீஸ் எழுதிய நாடகம். கி.மு. 431இல் ஏதென்ஸில் டயோனிசஸ் விழாவில் அரங்கேறியது. போட்டியில் மூன்று பேர், யூரிப்பிடீஸுக்குக் கிடைத்தது மூன்றாம் இடம். முகமூடி போட்ட ஆண்களே எல்லாப் பாத்திரங்களையும் நடித்தார்கள். மெடியா கருங்கடலின் கிழக்குக் கரையில் இருந்த கொல்கிஸ் நாட்டு இளவரசி. ஜேசன் என்ற கிரேக்க வீரன் பொற்கம்பளித் தோலைத் தேடி வந்தபோது, அவனுக்காகத் தந்தைக்குத் துரோகம் செய்து, பிறந்த நாட்டை விட்டுவிட்டு அவனோடு வந்தவள். கொரிந்து நகரத்தில் இரண்டு பிள்ளைகள் பிறந்த பிறகு, ஜேசன் அந்நாட்டு அரசன் மகளைக் கட்டிக்கொள்கிறான். மெடியாவை நாடுகடத்த ஆணை. ஒரே ஒரு நாள் அவகாசம் கேட்டு வாங்குகிறாள். அந்த ஒரு நாளில் நஞ்சு தடவிய ஆடையையும் முடியையும் மணப்பெண்ணுக்கு அனுப்பிக் கொல்கிறாள். மகளைத் தூக்கப்போன அரசனும் சாகிறான். பிறகு தன் பிள்ளைகள் இருவரையும் கொல்கிறாள். பாட்டன் சூரியன் அனுப்பிய தேரில் ஏறிப் போய்விடுகிறாள். தண்டனை எதுவும் இல்லை.

அவள் கொரிந்துப் பெண்களிடம் பேசுகிற இடம் ஒன்று உண்டு. நிறையப் பணம் கொடுத்து ஒருவனை வாங்கி, அவனையே நம் உடம்புக்கு எஜமானனாக்கிக்கொள்கிறோம் என்கிறாள். ஒரு பிள்ளை பெறுவதைவிட மூன்றுமுறை போர்க்களத்தில் நிற்பேன் என்கிறாள். வரதட்சணைக்காக நகைக்கடன் வாங்கிய வீட்டில் பிறந்த என் மாணவிகளுக்கு இதை விளக்க வேண்டிய தேவையே இருப்பதில்லை. வகுப்பில் சிரிப்பு எழும், பிறகு அடங்கும்.

அந்த நாடகத்தைப் பார்த்த ஏதென்ஸ்காரர்களுக்குத் தெரிந்த சட்டம் ஒன்றும் இருந்தது. கி.மு. 451இல் பெரிக்ளிஸ் கொண்டுவந்தது. தாய் தந்தை இருவரும் ஏதென்ஸ் குடிகளாக இருந்தால்தான் பிள்ளை குடி. வெளிநாட்டுக்காரிக்குப் பிறந்த பிள்ளைக்கு அந்த உரிமை இல்லை. கதை நடப்பது கொரிந்தில் என்றாலும், பார்வையாளர் உட்கார்ந்திருந்தது ஏதென்ஸில். மெடியாவுக்கு அங்கே முறையிடப் போக ஒரு மன்றமும் இல்லை. ஜேசன் செய்த சத்தியத்துக்குச் சாட்சியாகக் கடவுள்களைத்தான் கூப்பிடுகிறாள்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். யூரிப்பிடீஸுக்கு முன்பு வழங்கிய கதைகள் சிலவற்றில் அந்தப் பிள்ளைகளைக் கொன்றவர்கள் கொரிந்து நகரத்தார். தாயே திட்டமிட்டுக் கொன்றாள் என்பது யூரிப்பிடீஸ் செய்த மாற்றம் என்று கருதும் அறிஞர்கள் பலர். நாடகம் வென்றது, பழி அவள்மேல் நிலைத்தது. தமிழில் பழி என்றால் குற்றச்சாட்டு, பழி என்றால் பதில்வினை. பழி சுமத்துகிறோம், பழி வாங்குகிறோம். மெடியா இரண்டையும் செய்யவில்லையோ, இரண்டும் அவளுக்குச் செய்யப்பட்டதோ என்று சில நேரம் தோன்றும். ரோமில் செனெகா முதல் நூற்றாண்டில் அவளை மறுபடியும் எழுதினார். சினத்தைப் பற்றித் தனி நூலே எழுதிய தத்துவவாதி அவர். அவருடைய மெடியா பிள்ளைகளில் ஒன்றைத் தந்தையின் கண்முன்னே கொல்கிறாள். சினம் ஒரு மனிதரை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு உதாரணமாக அவள் சுருங்கிவிட்டதாகவே எனக்குப் படுகிறது. செனெகாவை விரும்பிப் படிக்கிற நண்பர்கள் இதை ஒத்துக்கொள்ளமாட்டார்கள்.

இருபத்தேழு வயதில் மெடியாவைப் பற்றி ஒரு கவிதை எழுதினேன். அந்தத் தேரில் நானும் ஏறிக்கொள்வதுபோல. சிற்றிதழ் ஒன்றில் வந்தது, பாராட்டினார்கள். ஒரு கூட்டத்தில் அதை வாசித்து முடித்ததும், முன்வரிசையில் இருந்த வயதான அம்மா ஒருவர், "அந்தப் பிள்ளைங்க என்ன பாவம் பண்ணுச்சுக?" என்று கேட்டார். ஏதோ குறியீடு, படிமம் என்று சொல்லிச் சமாளித்தேன். எங்கள் பகுதியில் பிள்ளைகளோடு கிணற்றில் விழுந்த தாய் என்று ஆண்டுக்கு ஒரு செய்தியாவது படிக்கிறோம். அந்தப் பெண்களுக்குத் தேர் வருவதில்லை. என் முதல் தொகுப்பு வந்தபோது அந்தக் கவிதையைச் சேர்க்கவில்லை. இப்போதும் அந்த அம்மாவுக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை. மெடியாவைப் பெண்ணியத்தின் நாயகி என்று எழுதுகிற கட்டுரைகளைப் படிக்கும்போது, அந்தக் கேள்வியைத் தாண்டிக்கொண்டு போய்விடுகிறார்களே என்றுதான் இருக்கிறது. நீலியின் கதையைக் கட்டியவர்கள் குழந்தையைக் கள்ளிக்கொம்பாக்கியதில் எனக்கு ஒரு நிம்மதி உண்டு.

பழிவாங்கிய பெண் என்றதும் தமிழில் எல்லோரும் சொல்வது கண்ணகியை. எங்கள் மாவட்டத்துக்கு அவள் வந்துபோனவள். உறையூரை விட்டு மதுரைக்கு நடக்கும் வழியில், கொடும்பையின் பெரிய குளக்கரையிலிருந்து பாதை மூன்றாகப் பிரிவதாகச் சிலப்பதிகாரம் சொல்கிறது. அந்தக் கொடும்பைதான் விராலிமலைப் பக்கத்துக் கொடும்பாளூர். மாணவிகளை மூவர்கோயிலுக்கு அழைத்துப்போகும்போதெல்லாம் இதைச் சொல்வேன். இருக்குவேள் மன்னன் தன் பெயரிலும் தன் மனைவியர் இருவர் பெயரிலும் எடுத்த மூன்று கோயில்கள் அவை. இன்று நிற்பவை இரண்டு.

கணக்குப் போட்டுப் பார்த்தால் நீலியைவிடக் கண்ணகியின் பழி மிகப் பெரிது. அரசன் இறந்தான், கோப்பெருந்தேவி இறந்தாள், நகரம் எரிந்தது. பிறகு பாண்டிய நாட்டில் மழை பொய்த்தபோது, கொற்கையில் வெற்றிவேற்செழியன் ஆயிரம் பொற்கொல்லரைப் பலிகொடுத்து அவளைச் சாந்தி செய்தான். ஏமாற்றியவன் ஒரு பொற்கொல்லன், செத்தவர் ஆயிரம் பேர். இதை நாம் வேகமாகக் கடந்துபோகிறோம். அவள் தீக்கடவுளிடம் பார்ப்பனர், அறவோர், பசு, பத்தினிப் பெண்டிர், மூத்தோர், குழந்தைகளை விட்டுவிடச் சொன்னதைப் பாராட்டுகிறோம். பத்தினி என்று சான்றிதழ் இல்லாத பெண்களை என்ன செய்தது அந்தத் தீ?

நீலி கொன்றது ஒருவனை. எழுபது பேர் தங்கள் வாக்குக்காகத் தாங்களே இறந்தார்கள். கண்ணகிக்கு இமயத்திலிருந்து கல் வந்தது, கோயில் எழுந்தது. நீலிக்குக் கிடைத்தது பேய் என்ற பெயரும் ஒரு வசவும். கொலையின் அளவு இந்த வேறுபாட்டை விளக்காது. கண்ணகி கணவனுக்காகப் பழிவாங்கினாள், நீலி கணவனைப் பழிவாங்கினாள். மாதவியிடம் போய்ச் செல்வத்தையெல்லாம் தொலைத்துவிட்டு வந்த கோவலனிடம், சிலம்பு இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள் என்று கண்ணகி கொடுத்தாள். அவனிடம் ஒரு கடுஞ்சொல் இல்லை. அவ்வளவு ஆண்டுக் கோபமும் ஒருநாளில் அரசனை நோக்கித் திரும்பியது. திரும்பிய திசை சரியாக இருந்ததால் அது கற்பின் சினம் ஆயிற்று.

கண்ணகிக்குக் கிடைத்த இன்னொன்றும் நீலிக்குக் கிடைக்கவில்லை. விசாரணை. சிலம்பில் மாணிக்கமா முத்தா என்று உடைத்துப் பார்த்த அவை. தவறை ஒப்புக்கொண்டு உயிர்விட்ட அரசன். நம் காவல் நிலையங்களில் எவளுக்கு அது கிடைக்கிறது?

சிலம்பிலும் ஒரு நீலி இருக்கிறாள் என்பதை மாணவியின் கேள்விக்குப் பிறகுதான் மனத்தில் ஏற்றிக்கொண்டேன். கட்டுரைகாதையில் மதுராபதித் தெய்வம் முற்பிறவிக் கதை சொல்கிறது. கலிங்கத்துச் சிங்கபுரத்தில் சங்கமன் என்ற வணிகனை ஒற்றன் என்று பரதன் காட்டிக்கொடுக்க, அரசன் கொன்றுவிடுகிறான். அந்தப் பரதன்தான் கோவலன். சங்கமனின் மனைவி பெயர் நீலி. அரசரிடமும் வணிகரிடமும் ஊரிலும் சேரியிலும் முறை கேட்டுக்கொண்டு 14 நாள் தெருத்தெருவாக அலைந்தாள். ஒருவரும் கேட்கவில்லை. மலையேறி, எங்களுக்கு இதைச் செய்தவர் இதையே அடைக என்று சபித்துவிட்டுக் குதித்தாள். கண்ணகிக்கு நேர்ந்ததெல்லாம் அந்தச் சாபத்தால். இந்த நீலியும் கணவனுக்காகத்தானே கேட்டாள் என்று என்னை மறுக்கலாம். ஆமாம். அதனால்தான் அவள் பேயாகவில்லை. விசாரணை இல்லாததால் தெய்வமும் ஆகவில்லை. காப்பியத்தில் ஒரு முற்பிறவிக் குறிப்பாக நின்றுபோனாள். கேள் என்று 14 நாள் கூவியவளின் பெயரும் நீலி, யாரும் கேட்காமல் கொல்லப்பட்டவளின் பெயரும் நீலி. அது தற்செயலாகவே இருக்கலாம். என்னால் அதை மறக்க முடியவில்லை.

பெண் சினத்தைத் தெய்வமாக்கி ஓரிடத்தில் அமரவைப்பதைக் கிரேக்கரும் செய்தார்கள். கி.மு. 458இல் அரங்கேறிய எஸ்கிலசின் முந்நாடகத்தில், காற்று வேண்டி மகளைப் பலிகொடுத்த கணவனைக் கிளைட்டெம்னெஸ்ட்ரா கொல்கிறாள். மகன் அவளைக் கொல்கிறான். தாயின் பழிக்காக அவனைத் துரத்துகிற சினத்தெய்வங்கள் மன்றத்தில் தோற்கின்றன. தாய் பெற்றவள் ஆகமாட்டாள், விதையைச் சுமப்பவள் மட்டுமே என்று அங்கே அப்பல்லோ வாதாடுகிறான். தோற்ற தெய்வங்களுக்கு ஏதென்ஸின் மண்ணுக்கடியில் இருப்பிடமும் வழிபாடும் தந்து அமைதிப்படுத்துகிறார்கள்.

தமிழ்ச் சமணர் நீலிக்குச் செய்தது வேறு. சித்தன்னவாசலுக்கு ஆண்டுதோறும் மாணவிகளை அழைத்துப்போகிறேன். இந்த ஆண்டு, மேற்கூரையில் தாமரைக்குளம் தீட்டிய குகைக்கோயிலைப் பார்த்துவிட்டு, ஏழடிப்பட்டத்துக் கற்படுக்கைகளுக்கு ஏறிப்போய், காற்றடிக்கிற அந்தச் சரிவில் உட்கார்ந்து நீலகேசியைப் பேசினோம். நூலில் பழையனூர் நீலி முனிச்சந்திரர் என்ற சமண முனிவரை அச்சுறுத்தப் போய், தோற்று, அவரிடமே அறம் கேட்டு, பிறகு ஊர் ஊராகச் சென்று வாதம் செய்கிறாள். பௌத்தர், ஆசீவகர், சாங்கியர், வைசேடிகர், வேதவாதிகள் எல்லோரும் தோற்கிறார்கள். பேய் தத்துவவாதியாகிறது. தமிழில் வேறெந்தப் பெண்ணுக்கும் இவ்வளவு நீண்ட வாதத்தைக் கொடுத்த பழைய நூல் இல்லை என்று நினைக்கிறேன்.

அவளுடைய முதல் எதிரி குண்டலகேசி. காதலித்து மணந்த கள்வன், ஊடலில் அவள் வாய்தவறிக் கள்வன் என்று சொன்னதற்காக மலையுச்சிக்கு அழைத்துப்போய்க் கொல்லப் பார்க்கிறான். கடைசியாக உம்மை வலம்வந்து கொள்கிறேன் என்று சொல்லி, பின்னால் போய் அவனைத் தள்ளிவிட்டவள். பிறகு துறவி, பௌத்த வாதி. அவள் பெயரிலிருந்த காப்பியம் சில பாடல்கள் தவிர அழிந்துவிட்டது. அவள் கதையை நாம் அறிவது, அவளை மறுக்க எழுந்த நீலகேசியின் உரை வழியாக. எதிர்த்தரப்பு வக்கீலின் கட்டிலிருந்து எடுத்த வாக்குமூலம்போல.

கணவன் கொன்ற பெண்ணும், கொல்ல வந்த கணவனைக் கொன்ற பெண்ணும் ஒரே மேடையில் எதிரெதிரே நிற்கிறார்கள். வாதத்தின் பொருள் ஆன்மா நிலையானதா, எல்லாம் கணந்தோறும் அழிவதா என்பது. அந்த இடத்துக்கு இருவரையும் கொண்டுவந்து சேர்த்த கொலைகள் வாதப்பொருள் ஆகவில்லை. அ. சக்கரவர்த்தி 1936இல் வெளியிட்ட பதிப்பைத்தான் நான் படித்தேன், அடிக்கோடிட்டேன், குறிப்பெடுத்தேன். இந்த ஒரு காட்சியை அங்கே நின்று பார்க்கவில்லை.

கற்படுக்கை ஓரத்தில் இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது அந்த மாணவி குறுக்கிட்டாள். "ரெண்டு பேரும் தனியா இருந்திருந்தா வேற பேசியிருப்பாங்கம்மா." மற்றவர்கள் சிரித்தார்கள். என்ன பேசியிருப்பார்கள் என்று எழுதிக்கொண்டு வா என்றேன். அகமதிப்பீட்டுக் கட்டுரையாக ஆறு பக்கம் எழுதிக் கொடுத்தாள். நீலி கேட்கிறாள், குண்டலகேசி பதில் சொல்கிறாள். தள்ளும்போது கை நடுங்கியதா? கீழே விழும்போது அவன் உன்னைப் பார்த்தானா? உன்னை நம்பினார்களா? பிழைகள் இருந்தன, ஒருமை பன்மைக் குழப்பம் இருந்தது. திருத்தவில்லை.

அக்காவின் மனு இன்னும் அங்கேயே இருக்கிறது. இரண்டாவது தடவை போனபோது பையனை அம்மா வீட்டில் விட்டுவிட்டுப் போனாளாம். "பிள்ளைய எங்க?" என்பதுதான் முதல் கேள்வி.